தாம்பரத்திலிருந்து வந்த ஐந்து மெயில்கள்

1

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் டாட் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். என் மேலாளர் கரோல் அவரை என் மேசைக்கு அழைத்து வந்து, "அந்த எச்சரிக்கை மெயில்களை இவருக்குச் சொல்லிக்கொடு. இனிமேல் இவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்.

சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒஹாயோ மாநிலத்தில் நான் வேலை பார்க்கும் இந்த நிறுவனம், மருத்துவமனைகளுக்காக நோயாளிகளின் காப்பீட்டு விண்ணப்பங்களைக் கணினியில் வைத்துப் பராமரிக்கிறது. அத்தனை தகவலும் ஒரே சர்வரில் இருக்கிறது. யார் எப்போது உள்ளே நுழைந்தார்கள், யார் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தார்கள் என்பதையெல்லாம் அது தானாகவே ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டு போகும். நான் எழுதிய சின்ன புரோகிராம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டியலைப் படிக்கும். ஒரே ஆள் மூன்று தடவை தவறினால் பரவாயில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு மெயில் போகும். ஒரே கணினியிலிருந்து இரண்டு பேர் பெயரில் நுழைந்தாலும் ஒரு மெயில். அது எனக்கு வரும், கரோலுக்குப் போகும், சட்டப் பிரிவுக்கும் போகும்.

டாட் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பிறகு, "இது எப்போதாவது யாரையாவது பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை" என்றேன்.

"பலே" என்கிற மாதிரி கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் காரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்த நவம்பரோடு அது நடந்து ஒரு வருஷம். பிடிபட்டது யார் என்று இங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டில் மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் படிக்க ஒரு பத்திரிகைக்கு இங்கிருந்து அவ்வப்போது எழுதுவேன். இந்த முறை பனியைப் பற்றியும் சூப்பர் மார்க்கெட்டைப் பற்றியும் எழுத மனம் வரவில்லை. இதை அவர்களுக்கு அனுப்பப்போவதும் இல்லை.

2

நான் முடிச்சூர்க்காரி. அப்பா நெல் போட்டுக்கொண்டிருந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்கத் தொடங்கிய வருஷம் நான் பி.எஸ்ஸி. முடித்தேன். எண்பதுகளின் கடைசி. கம்ப்யூட்டர் படித்தால் வேலை நிச்சயம் என்று யாரோ சொல்ல, மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இருந்த சென்டரில் அப்பா என்னைச் சேர்த்துவிட்டார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி அறை. பன்னிரண்டு பேருக்கு மூன்று மிஷின். எங்கள் மிஷினில் நாலு பேர்; எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஷாஹிதா.

அவள் அத்தா காதர் பாய் மார்க்கெட் அருகே பெயின்ட், ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். அம்மா இல்லாத வீடு. ஷாஹிதா என்னைவிடக் கெட்டிக்காரி. நான் புரோகிராமை நோட்டில் மூன்று பக்கம் எழுதிக்கொண்டிருப்பேன். அவள் எட்டிப் பார்த்து, "ஏன்டி இவ்ளோ சுத்தற? இங்கேர்ந்து நேரா அங்க போயிடலாமே" என்று இரண்டே வரியில் முடித்துவிடுவாள். கரண்ட் போய்விட்டால் மொட்டை மாடிக்குப் போவோம். அங்கிருந்து பார்த்தால் திருநீர்மலை தெரியும். எங்கள் வீட்டில் வைகுண்ட ஏகாதசிக்குத் திருநீர்மலைக்குப் போய்வந்தால், அவளுக்கென்று தனியாகப் புளியோதரைப் பொட்டலம் வரும். ஈத் அன்று எங்கள் வீட்டுக்குப் பெரிய தூக்கு நிறைய பிரியாணி வரும். அதிலெல்லாம் யாரும் ஒன்றும் யோசித்ததில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் ஏற்றுமதி மண்டலத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஆள் எடுத்தது. இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. ஆனால் காதர் பாய் சம்மதிக்கவில்லை. அவர்கள் உறவில் ஒரு பெண்கூட வெளியே வேலைக்குப் போனதில்லை. ஷாஹிதா வீட்டில் அழுதுகொண்டிருக்க, நான் நேராகக் கடைக்கே போய் நின்றேன். இருபத்திரண்டு வயதுத் தைரியம்.

"மாமா, ரெண்டு பேரும் ஒண்ணாப் போயி ஒண்ணா வருவோம். ஒரே பஸ்ஸு. அவளை நான் பாத்துக்கறேன்."

அவர் ஒருவருக்குச் சுண்ணாம்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "ஊரு இன்னா பேசும் தெரியுமா உனுக்கு? அவளுக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்கணுமே" என்றார்.

"நல்லா படிச்ச பொண்ணு மாமா. என்னைவிட நல்லா செய்வா."

கல்லை எடுத்துவிட்டுத் தராசு ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. நீ கீற இல்ல, அதான் வுடறேன். உன்ன நம்பித்தான் வுடறேன், அத்த ஞாபகம் வெச்சுக்கோ."

மூன்று வருஷம் ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. எங்கள் கம்பெனி ஒஹாயோவில் இருக்கும் இந்த நிறுவனத்துக்குத்தான் வேலை செய்துகொடுத்தது. என்னை இங்கே அனுப்பினார்கள். ஒரு வருஷம் கழித்து இவர்களே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே தாம்பரத்தில் உட்கார்ந்து எங்கள் சர்வரில் வேலை செய்தவர்களில் ஷாஹிதாவும் ஒருத்தி. சர்வருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

3

இங்கே என்னை யாரும் தேவகி என்று கூப்பிடுவதில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருப்பதால் எல்லா ஃபாரத்திலும் நான் மிஸ் ஆறுமுகம். டாக்டர் வீட்டிலும் பேங்கிலும் என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் எழுந்து போகிறேன். என் ஐந்து வயதுப் பெண் நிலாவுக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை. அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷாஹிதாவுக்குப் போன் பேசும்போது அவள் கையில் கொடுப்பேன். "சாப்ட்டியாடா தங்கம்?" என்று அங்கிருந்து கேட்பாள். நிலா ரிசீவரைப் பொத்திக்கொண்டு, அந்த ஆன்ட்டி ஏன் எப்பவும் சாப்பாட்டைப் பற்றியே கேட்கிறார் என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்பாள்.

போன வருஷம் மத்தியில் தணிக்கைக்கு வந்தவர்கள், சர்வருக்குள் யார் நுழைகிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதே இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். உடனே எச்சரிக்கை மெயில் ஏற்பாடு செய்யும்படி கரோல் என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதே நேரத்தில்தான் என் கிரீன் கார்டுக்கான முதல் விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருந்தது. என்னைப் போன்ற ஆள் இந்த வேலைக்கு அவசியம் என்று கரோல் கையெழுத்துப் போட வேண்டும். அந்த ஃபைல் அவர் மேசையில் வலது பக்கம் இருந்தது. அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

மெயிலுக்குத் தலைப்பு ஒன்று வைக்க வேண்டும். 'நுழைய முடியவில்லை' என்கிற அர்த்தத்தில் ஒரு சாதாரண வார்த்தைதான் முதலில் வைத்தேன். அது சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. தணிக்கை அறிக்கையைப் புரட்டியபோது 'செக்யூரிட்டி பிரீச்' என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதையே வைத்தேன். கரோல் பார்த்துவிட்டு, "பலமான வார்த்தை" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன்.

அது முயற்சியைக் குறிக்கும் வார்த்தை இல்லை. உள்ளே புகுந்துவிட்டார்கள், பூட்டு உடைந்துவிட்டது என்று அர்த்தம். சட்டப் பிரிவில் அந்த வார்த்தையைப் பார்த்தால் உடனே ஒரு கோப்பு திறந்தாக வேண்டும் என்று விதி. அதை நான் நவம்பரில்தான் தெரிந்துகொண்டேன்.

4

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றுவோம். புதியதை மெயிலில் அனுப்பக் கூடாது. போனில்தான் சொல்ல வேண்டும். அந்த நவம்பரில் ஒரு நாள் காலையில் ஆபீஸிலிருந்து தாம்பரத்துக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம் ஆறு மணி, கிளம்பும் நேரம். நிலாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். எனக்குத் தூக்கமே இல்லை.

"எழுதிக்கோடி. கே, ஆர், ஃபோர், ஓ, செவன், டபிள்யூ."

"கே, ஆர், ஃபோர், ஓ, செவன், டபிள்யூ" என்று திருப்பிச் சொன்னாள். "சரி, நிலா எப்டி இருக்கா? குரலே ஒரு மாதிரி இருக்கே உனக்கு."

"ஜுரம் விடவே இல்லடி. ரெண்டு நாளா நான் கண்ணே மூடல."

"இன்னிக்காவது சீக்கிரம் படு. இஞ்சி தட்டிப் போட்டு ஏதாச்சும் குடு அவளுக்கு."

நான் 'ஓ' என்று சொன்னது சைபரை. ஊரில் போன் நம்பர் சொல்லும்போது எல்லோரும் அப்படித்தானே சொல்வோம். இங்கேயும் போன் நம்பருக்கு அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் பாஸ்வேர்டு என்று வந்தால் 'ஸீரோ' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஷாஹிதா 'ஓ' என்ற எழுத்தை எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் தாம்பரத்தில் அதை அடித்தாள். போகவில்லை. ஏழு தடவை அடித்துப் பார்த்தாள். அன்று அவள் முடிக்க வேண்டிய ஒரு திருத்தம் இருந்தது. முடிக்காவிட்டால், ஒஹாயோவில் விடியும்போது ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் தப்பான பெயரில் அச்சாகும். என்னைப் போனில் எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டு, அவர் பெயரில் உள்ளே நுழைந்து, திருத்தத்தை முடித்துவிட்டு வெளியே வந்தாள்.

நாலாவது தவறிலிருந்து ஏழாவது வரை நாலு மெயில். ஒரே கணினியிலிருந்து இரண்டு பெயர் என்று இன்னொரு மெயில். மொத்தம் ஐந்து. காலையில் நான் ஆபீஸ் போனபோது ஐந்தும் வரிசையாக வந்து கிடந்தன. எல்லாவற்றிலும் நான் வைத்த தலைப்பு.

5

கரோல் எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் அவர் அறையில் உட்கார்ந்திருந்தார். மெயில்களை அச்செடுத்து மேசைமேல் பரப்பி வைத்திருந்தார்கள்.

"இந்த நபரை உனக்குத் தெரியுமா?" என்று சட்டப் பிரிவுக்காரர் கேட்டார்.

"தெரியும். முன்னால் கூட வேலை பார்த்தவர்" என்றேன்.

கூட வேலை பார்த்தவர். அது பொய் இல்லை.

"பாஸ்வேர்டை அவரிடம் சரியாகச் சொன்னாயா?"

"படித்துச் சொன்னேன். அவரும் திருப்பிச் சொன்னார்."

அதுவும் பொய் இல்லை.

கரோல் என்னிடமிருந்த பாஸ்வேர்டு பட்டியலை வாங்கி, ஷாஹிதாவின் பெயருக்கு நேரே விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகப் படித்தார். கே. ஆர். ஃபோர். ஸீரோ.

ஸீரோ என்று அவர் சொன்ன அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. என் குரலும் அவள் குரலும் காதில் அப்படியே கேட்டன. ஓ. செவன்.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று. என் ஓட்டை இங்கிலீஷுக்கு அது ஒன்றும் கஷ்டமான வாக்கியம் இல்லை. ஆனால் அந்த அறையில் என் கண் மேசையின் வலது பக்கத்துக்குப் போயிற்று. ஃபைல் அங்கேயே இருந்தது. இன்னும் கையெழுத்து ஆகவில்லை. பாஸ்வேர்டைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவள் இந்த வேலைக்கு அவசியமா என்று அவர் நினைத்துவிட்டால்? வீட்டில் காய்ச்சலோடு நிலா. அந்த வாரம்தான் இவர், என் கணவர், வீடு வாங்குவது பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று சட்டப் பிரிவுக்காரர் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அதுதான் பொய்.

அவர்கள் தாம்பரம் கம்பெனிக்கு எழுதினார்கள். தாம்பரத்தில் பயந்துபோனார்கள், பெரிய வாடிக்கையாளர், போய்விட்டால் நூறு பேருக்கு வேலை இல்லை. பக்கத்து சீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அவள் எப்படித் தன் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டாள் என்றே தெரியாது என்று சொல்லிவிட்டார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் என்னைப் போலத்தான்.

மறுநாள் மத்தியானம் ஷாஹிதாவின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பையைச் சோதித்துப் பார்த்துத்தான் கேட்டுக்கு வெளியே விட்டார்களாம்.

6

ஞாயிற்றுக்கிழமை நான் போன் பண்ணவில்லை. அடுத்த ஞாயிறு அவளே பண்ணினாள், எஸ்.டி.டி. பூத்திலிருந்து.

"தேவகி, நீ அன்னிக்கு ஓன்னு சொன்னியே, அது சைபரா?"

"ஆமாண்டி."

பின்னால் ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது.

"நானும் அப்டித்தான் நெனச்சேன். உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். எனக்குத் தெரியாமலா போச்சு, ஏழு வாட்டி அடிச்சனே, ஒரு வாட்டி சைபர் போட்டுப் பாக்கத் தோணலியே."

"என்னை ஏன்டி எழுப்பல?"

"நீதான் ரெண்டு நாளா கண்ணே மூடலன்னு சொன்னியே. தூங்கட்டும்னு விட்டேன்."

அவள் அழவில்லை. நிதானமாகத்தான் பேசினாள். "ஒண்ணே ஒண்ணு பண்ணுடி. எங்க எம்.டி.க்கு ஒரு மெயில் போடு. பாஸ்வேர்டு சொன்னதுல ஒரு குழப்பம்னு ரெண்டு வரி. வேலை திரும்பக் குடுக்காட்டியும் பரவால்ல, ரிலீவிங் லெட்டராவது குடுப்பாங்க. அது இல்லாம வேற எங்கயும் உள்ளயே விட மாட்டேங்கறாங்க."

"இன்னிக்கே போடறேன்" என்றேன்.

அன்றே எழுதவும் செய்தேன். ரெண்டு வரி இல்லை, ஒரு பக்கம் வந்தது. ஆனால் அனுப்பும் பட்டனை அழுத்தவில்லை. எம்.டி. அதைக் கரோலுக்கு அனுப்பாமல் இருக்க மாட்டார். கையெழுத்து ஆகட்டும் என்று வைத்தேன். கையெழுத்து ஆனது. அரசாங்கத்திலிருந்து ஒப்புதல் வரட்டும் என்று வைத்தேன். அவர்கள் ஒரு தாள் குறைகிறது என்றார்கள். அதை அனுப்பினால், பெயர் ஒரு இடத்தில் ஆறுமுகம் தேவகி, இன்னொரு இடத்தில் தேவகி ஆறுமுகம், இரண்டும் ஒருவர்தான் என்று நிரூபி என்றார்கள். மாதங்கள் போயின. ஷாஹிதா இரண்டு ஞாயிறு கேட்டாள். "போட்டியாடி?" "போட்டுட்டேன், பதில் வரல." மூன்றாவது ஞாயிறு முதல் அவள் கேட்கவில்லை. நிலாவைப் பற்றி மட்டும் கேட்பாள்.

ஏப்ரலில் என் அம்மா எழுதிய கடிதத்தில் நடுவில் ஒரு வரி இருந்தது. ஷாஹிதாவுக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று தட்டிப்போய்விட்டது, மாப்பிள்ளை வீட்டார் கம்பெனியில் விசாரித்தார்களாம் என்று.

ஜூலையில் ஒப்புதல் வந்தது. அன்று மத்தியானமே அந்த மெயிலை எம்.டி.க்கும் கரோலுக்கும் அனுப்பினேன். ஒரு பிரதியைத் தபாலில் ஷாஹிதாவுக்கு அனுப்பினேன். எல்லாம் எழுதியிருந்தேன். தப்பு என்னுடையது, அது எனக்கு அந்த அறையிலேயே தெரிந்தது, ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை என்பது வரைக்கும்.

கரோல் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, "அப்போதே சொல்லியிருக்கலாமே, ஒன்றும் ஆகியிருக்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பாஸ்வேர்டு சொல்லும் முறை பற்றிய தாளில் 'ஸீரோ என்றே சொல்ல வேண்டும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். தலைப்பில் இருந்த வார்த்தையையும் மாற்றச் சொன்னார். என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை. எம்.டி.யிடமிருந்து பதில் வந்தது: எப்படியிருந்தாலும் அடுத்தவர் பெயரில் நுழைந்தது தவறுதான், அந்தக் கோப்பு முடிந்துவிட்டது, தங்கள் அக்கறைக்கு நன்றி.

7

ஆகஸ்டில் ஊருக்குப் போனேன். நிலாவை அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாகத்தான் ஷாஹிதா வீட்டுக்குப் போனேன். முடிச்சூரிலிருந்து வரும் வழியில் அப்பா விற்ற நிலங்களில் எல்லாம் வீடுகள் எழும்பியிருந்தன. எந்த இடத்தில் எங்கள் கிணறு இருந்தது என்று பஸ்ஸிலிருந்து தேடிப் பார்த்தேன், தெரியவில்லை.

கதவைத் திறந்தவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாளாம். "நாப்பது பசங்களுக்கு ரெண்டு மிஷின்டி. நம்மளாவது நாலு பேரு ஒண்ணுல உக்காந்தோம்" என்று சிரித்தாள். காதர் பாய் உள்ளறையிலிருந்து வந்து, "வாம்மா, வா. பாப்பாவ இட்டுகினு வரலியா?" என்று கேட்டுவிட்டு, சேமியாப் பாயசம் கொண்டு வரச் சொன்னார். கடையை இப்போது மத்தியானத்தில் மூடிவிடுகிறாராம், மூட்டு வலி.

அவர் உள்ளே போனதும் நான் ஆரம்பித்தேன். "ஷாஹிதா, அந்த லெட்டர்…"

"மெதுவாப் பேசு. அத்தா இருக்காரு."

"நான் பண்ணினது…"

"படிச்சேன். எல்லாம் படிச்சேன். விடு." என் கையில் டம்ளரைத் திணித்தாள். "குடி. ஆறிடும்."

அதற்குப் பிறகு அதைப் பேச இடமே கொடுக்கவில்லை. சென்டரில் எங்களோடு படித்தவர்கள் யார் யார் எங்கே என்று சொன்னாள். கிளம்பும்போது, "அடுத்த தடவை நிலாவைக் கூட்டிட்டு வா. சாப்பாட்டைப் பத்திக் கேக்கல, போதுமா" என்றாள். அது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. ரிசீவரை நிலா சரியாகப் பொத்தவில்லை போலிருக்கிறது.

காதர் பாய் பஸ் ஸ்டாப் வரை வருகிறேன் என்று கூடவே வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். மார்க்கெட் முனை தாண்டியதும் சொன்னார்:

"அந்த லெட்டரு வந்துச்சிம்மா. எனுக்கு இங்கிலீசு தெரியாது. அவதான் படிச்சி சொன்னா. இவதான் தப்பா அட்ச்சிட்டாளாம், நீ அந்த வெள்ளக்காரங்கோ கிட்ட இவளுக்காவ சண்ட போட்டியாமே. உன் வேலைக்கே பேஜாரு ஆயிருக்குமாமே. நான்தான் ஆரம்பத்துல உன்ன தப்பா நென்ச்சிட்டேன், அல்லா மன்னிக்கணும். அத்த சொல்லத்தான் வந்தேன்."

நான் நின்றுவிட்டேன். இரண்டு பக்கமும் ஆட்டோக்கள். ஒருவர் மணியடித்தபடி சைக்கிளில் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். பேசாமல் பஸ் ஏறிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அது எனக்குப் பழக்கமான வேலை.

"அந்த லெட்டர்ல அப்படி எழுதல மாமா" என்றேன். "பாஸ்வேர்டு தப்பா சொன்னது நான். அவ மேல ஒரு தப்பும் இல்ல. அங்க என்னைக் கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல. என் கிரீன் கார்டு போயிடும்னு பயந்துட்டேன். எட்டு மாசம் கழிச்சுத்தான் எழுதினேன். அவ மெயில் போட்டியான்னு கேட்டப்போ போட்டேன்னு பொய் சொன்னேன்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே ஒரு பழக்கடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அப்டியா" என்றார்.

பிறகு, "இத்த நீ என்கிட்ட சொன்னது அவளுக்குத் தெரிய வேணாம்" என்றார். "உன்ன நான் வெறுத்துடக் கூடாதுன்னுதான் அவ பொய் சொல்லிக்கீறா. வேலயும் பூட்ச்சு, சம்பந்தமும் பூட்ச்சு. ஒரு சிநேகிதியயாவது காப்பாத்திட்டோம்னு நென்ச்சிகினு கீறா. அது அப்டியே இருக்கட்டும்."

"சரி மாமா."

"இன்னொண்ணும் கேட்டுக்கோ. எனுக்கு நடிக்கத் தெரியாது. நீ வந்து எதிர்ல உக்காந்தீன்னா என் மூஞ்சியே காட்டிக் குட்த்துடும். நீ நல்லா இரு. புள்ளய நல்லா பாத்துக்கோ. ஆனா, வூட்டுக்கு இனிமே வராதம்மா."

குரலை உயர்த்தவே இல்லை. முடிச்சூர் பஸ் முனையில் திரும்பி வந்தது. அது ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விடும்போல் இருந்தது. அவர் வலிக்கும் காலோடு ரோட்டில் இறங்கி, கையைக் காட்டி நிறுத்தினார். நான் ஏறியதும் கண்டக்டரிடம், "பொம்பளப் புள்ள தனியாப் போவுது, முடிச்சூர்ல பாத்து எறக்கி வுட்டுடு நைனா" என்று சொன்னார்.

நான் இங்கே திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் டாட்டிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது தபால் பெட்டியில் ஷாஹிதாவின் கடிதம் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மிஷின் வந்துவிட்டதாம். 'அடுத்த தடவை வரும்போது ரெண்டு நாள் நம்ம வீட்டில் தங்கற மாதிரி வா. நீ எப்ப வருவேன்னு அத்தாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்' என்று எழுதியிருந்தாள்.

லீவு கிடைப்பது கஷ்டம் என்று பதில் எழுதிப் போட்டேன்.